துரைசாணிக்குக் காற்றடித்த நாள்

பத்துமலைக்கு இந்த உலகத்தில் இரண்டே பயங்கள்தான். ஒன்று, சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்க வரும் லோரி. மற்றது, பெண்டாட்டி ராக்காயி. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்த அந்த நேரத்தில், இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து அவன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் பெயர் துரைசாணி.

துரைசாணி ஒரு பசுமாடு. பெயர் சும்மா வந்துவிடவில்லை. கோப்பெங் சாலையில் இருக்கும் ஒத்தப்பாறைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தன் வீட்டுப் பாலுக்கென்று பங்களாவில் வளர்த்த சீமைக் கலப்பு மாடு அது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறினார். நாயும் ஏறியது. மாட்டை ஏற்ற முடியவில்லை. அன்று சாயங்காலமே பங்களாவைச் சூறையாடினார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கினார், ஒருவர் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார், பத்துமலையின் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து குளிக்கிற தகரத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வழி தெரியாமல் வந்தான். பங்களா மாட்டுக்கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ராக்காயி மட்டும் கயிற்றை அவிழ்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். “நாக்காலியக் கறந்தா பால் வருமாலா?” என்று கேட்டாள்.

நாட்டு மாடுகள் மூன்று சேர்ந்து கறக்கும் பாலைத் துரைசாணி ஒற்றை ஆளாகக் கறக்கும். அதற்கேற்ற சாப்பாடும் துரை காலத்தில் இருந்தது. தவிடு, புண்ணாக்கு, எலும்புத் தூள், நக்குவதற்கு உப்புக்கட்டி எல்லாம் ஈப்போவிலிருந்து வண்டி கட்டி வரும். இப்போது மனிதனுக்கே மரவள்ளிக்கிழங்கு என்றால் மாட்டுக்கு என்ன கிடைக்கும்? வெயிலில் வாட்டிய கிழங்குத் தோலும் ஓடைக்கரைப் புல்லும்தான். துரைசாணி முகம் சுளிக்காமல் தின்றது. அந்த விஷயத்தில் அதற்குத் துரையைவிடத் தங்கமான குணம்.

தோட்டத்துக்குப் புதிதாக வந்து பங்களாவில் குடியேறிய ஜப்பான் அதிகாரிக்கு ஒகாவா என்று பெயர். ஒல்லி மனிதர், வயிற்றுப் புண்காரர். மிளகாய் வாசனை பட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். பால் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று யாரோ வைத்தியர் சொல்லிவிட்டார். சினைமாடு ஒன்று தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இருப்பது காதில் விழுந்ததும் நேரில் வந்தார். மாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு பத்துமலையின் நெஞ்சில் விரலால் குத்தி, தனக்குத் தெரிந்த மலாயில் தீர்ப்பைச் சொன்னார்.

“அடா சுசு, துங்கு சினி. தாடா சுசு, நாயிக் லோரி.”

பால் உண்டா, இங்கேயே இரு. பால் இல்லையா, லோரியில் ஏறு. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் ஏற்கெனவே ஆள் எடுத்தாகிவிட்டது. போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அடுத்தது பத்துமலை குடியிருந்த நடு லயத்தின் முறை. பத்துமலை அன்றிலிருந்து மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் படுக்கப் போனான். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்திருந்தால்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான் என்று ராக்காயி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் துரைசாணி கன்று போட்டது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுழி. எல்லாம் சுகமாக முடிந்தது. மறுநாள் காலையில் ராக்காயி கிழங்கு மாவைக் கொடுத்து உப்பு மாற்றிவரக் கோப்பெங்குக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“இந்தாய்யா, கன்னு குடிச்சது போக ஒரு செம்பு கற. மிச்சத்த மடியிலயே விட்டுரு. பங்களாவுல தொரைக்குப் பால் கறந்த அந்த பெங்காலிக்காரன் மொத மூணு நாளும் பாதிதான் கறப்பான். கேக்குதா?”

“கேக்குது, கேக்குது. நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றான் பத்துமலை.

அவள் தலை சாலை வளைவில் மறைவதற்குள் கோலேயோடு செல்லாயி வந்துவிட்டாள். கோலே என்பது தகரக் குவளை. செல்லாயி வாத்து வளர்ப்பவள், எதிர்வீட்டுக்காரி, மூக்கு மிகவும் நீளம் — வாசனை பிடிப்பதைச் சொல்கிறேன்.

“அண்ணே, சீம்பால் இருக்குமே. நாக்கு செத்துப் போச்சுண்ணே. கிழங்கு, கிழங்கு, கிழங்கு. என் வாயில வேரே விட்டுருச்சு.”

பத்துமலை ஒரு கோலே கறந்து கொடுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சீம்பாலுக்கு என்று ஒரு முறை இருக்கிறதே. ஊரிலிருந்து கப்பலேறி வந்த முறை. கன்று போட்ட வீட்டுக்காரன் சீம்பாலை ஒரு வீட்டுக்குக் கொடுத்து இன்னொரு வீட்டை விட்டுவிடக் கூடாது. விட்ட வீட்டின் கண் நேராக மடியில் விழும், மாடு உதைக்கும், பால் வற்றும். செல்லாயி கோலேயைத் தூக்கிக்கொண்டு நடு லயம் முழுக்க நடந்துதான் தன் வீட்டுக்குப் போனாள் என்பதால், விடுபடுவதற்கு வீடே மிஞ்சவில்லை. கோலே, சட்டி, சிரட்டை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லயமே கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது.

“பத்துமலை அண்ணன் கை ராசியான கை லா,” என்றான் பிச்சைமுத்து, தொட்டியைக் கொண்டுவராமல் ஒரு சட்டியோடு வந்த நல்ல மனிதன். “அந்தக் கை பட்டா கல்லும் கறக்கும்.”

புகழ்ச்சி என்றால் பத்துமலைக்குப் புளித்த கள் மாதிரி. உள்ளே போனதும் ஆள் மாறிவிடுவான். உட்கார்ந்து கறந்தான். முதலில் பாதி மடி, பிறகு முக்கால், பிறகு அடிமடி. கடைசிச் சிரட்டைக்குப் பால் போதவில்லை என்று காம்பைத் துணி பிழிவதைப் போலப் பிழிந்து எடுத்தான். மடி வெறும் பையாகத் தொங்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலையில் நடு லயத்தில் வீட்டுக்கு வீடு சீம்பால் வெந்தது. யாரோ பதுக்கி வைத்திருந்த தென்னவெல்லம் வெளியே வந்தது. பல மாதமாகச் சிரிக்காதவர்கள் விரலை நக்கிக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பார்த்த பத்துமலைக்கு மனசு நிறைந்துவிட்டது. கொடுத்த கை அவனுடையதாயிற்றே.

உச்சிப்பொழுதுக்குத் துரைசாணியின் பின்னங்கால் பின்னியது. சாராயம் குடித்தவனைப் போல இரண்டடி ஆடி, தள்ளாடி, மடங்கி உட்கார்ந்தது. பத்துமலை வாலை முறுக்கினான், அதட்டினான், கெஞ்சினான். அது எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துக்கொண்டது. காதைத் தொட்டான். கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. அவன் கைகாலும் சில்லிட்டன.

உப்பு மூட்டையோடு வந்த ராக்காயி மாட்டைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், அப்புறம் புருசனைப் பார்த்தாள்.

“எவ்வளவுய்யா கறந்த?”

“கொஞ்சந்தான் புள்ள... ஒரு வீட்டுக்குக் குடுத்து ஒரு வீட்ட விட்டா கண்ணு படுமே...”

செல்லாயி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டாள். அதுவே சாட்சியாகிவிட்டது. ராக்காயி அன்று பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. நடு லயத்தில் ஒரு வீட்டையும் அவள் விடவில்லை. அந்த விஷயத்தில் அவளும் முறை தவறாதவள். எல்லாம் ஓய்ந்த பிறகு உப்பு மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள்.

“மாடு செத்தா மாடு மட்டுமா போவுது? உன்னையுமில்ல லோரில ஏத்திருவான்,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. பத்துமலைக்கு அவள் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

முனி அடித்துவிட்டது என்றார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் இன்னொருவர். பிச்சைமுத்து மிளகும் இஞ்சியும் இடித்த கஷாயத்தை மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் ஊற்றிக்கொண்டு மாட்டின் வாயைப் பிளக்கப் போனான்.

“ஊத்தாதீங்க! ஊத்தாதீங்கண்ணே!”

கத்திக்கொண்டே ஓடிவந்தவன் ஜெயபாலன். ஈப்போ மாட்டாஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த பையன். மருந்தெல்லாம் தீர்ந்து ஆஸ்பத்திரி அலமாரியில் பல்லி குடியேறியதும், ஓடைக்கரையில் கிழங்கு நட வந்துவிட்டான். கண்ணாடி போட்டிருப்பதால் லயத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். ரத்தத்தைக் கண்டால் டாக்டருக்கு மயக்கம் வரும்.

“அதால இப்ப முழுங்க முடியாது. ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயி உடனே செத்துரும்,” என்றான் மூச்சு வாங்க. காதைத் தொட்டான். வளைந்த கழுத்தைப் பார்த்தான். “இது பால் காய்ச்சல்க்கா. பேருதான் காய்ச்சல், உடம்பு சூடா இருக்காது. பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். கன்னு போட்டதும் ஒடம்புல இருக்குற சத்தெல்லாம் மடிக்கு எறங்கிரும். அந்த நேரத்துல ஒட்டக் கறந்துட்டா, காலி மடி மறுபடியும் ரத்தத்துல இருந்து இழுக்கும். ரத்தத்துல சுண்ணாம்பு கொறஞ்சா கால் நிக்காது, கழுத்து நிக்காது. கடைசியில நெஞ்சும் நின்னுரும்.”

ராக்காயி எதிரே பார்த்தாள். லயத்துக்குப் பின்னால் வெள்ளையும் கறுப்புமாகச் சுண்ணாம்பு மலை நின்றது.

“இங்கேருந்து ஈப்போ வரைக்கும் சுண்ணாம்பு மலையா நிக்குது. எம்மாட்டுக்கு மட்டும் பஞ்சமா?”

“ஊசி மருந்து இருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்க்கா. அது வெள்ளைக்காரனோட போச்சு.” ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “இன்னொரு வழி இருக்கு. ஒரே ஒருக்கா பாத்துருக்கேன், வெள்ளக்கார டாக்டர் செஞ்சாரு. மடிக்குக் காத்தடிக்கணும்.”

பிச்சைமுத்து கையிலிருந்த கஷாயத்தைக் கீழே வைத்தான்.

“சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரியா?” என்றான் பத்துமலை.

“அதே மாதிரிதான். மடி நெறையக் காத்து இருந்தா பால் எறங்க எடம் இருக்காது. சத்து ரத்தத்துலயே தங்கிரும்.”

“ஆயிரம் பேரக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க,” என்றாள் ராக்காயி. “நீ எத்தனாவதுல இருக்க தம்பி?”

“இன்னும் ஆரம்பிக்கலக்கா,” என்றான் ஜெயபாலன். பொய் சொல்லாத பையன். அந்தப் பதில்தான் அவளுக்குப் பிடித்துப்போனது. “சரி, செய்யி” என்று சொல்லி எழுந்தாள்.

இப்போது பம்பு வேண்டும். ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு சைக்கிள் டயருக்கு அலைந்த காலம் அது. டயர் தேய்ந்தவர்கள் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டி வளைத்துச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு கடகடவென்று ஓட்டினார்கள். காற்றே வேண்டாத சக்கரத்துக்குப் பம்பு எதற்கு? தோட்டம் முழுவதிலும் காற்றில் ஓடும் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒகாவாவினுடையது.

பத்துமலையும் ஜெயபாலனும் பங்களாப் படியில் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றார்கள். ஒகாவா வயிற்றில் கையை வைத்தபடி வெளியே வந்தார். ஜெயபாலன் மலாயில் ஆரம்பித்தான். மாடு, மடி, காற்று, உங்கள் பம்பு. சொல்லச் சொல்ல ஒகாவாவின் முகம் இருண்டது. மாட்டுக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்கிறான் என்றால் தன்னைக் கேலி செய்கிறான் என்றுதானே அர்த்தம்! கை மேலே போயிற்று. ஜெயபாலன் முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டான்.

ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். பத்துமலை தடாலென்று தரையில் விழுந்தான். கையையும் காலையும் மடக்கி, கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் புதைத்து, நாக்கைத் தள்ளிக் கண்ணைச் செருகினான். தன் காதைத் தானே தொட்டு, “சேஜுக்! சேஜுக், துவான்!” என்று நடுங்கிக் காட்டினான். குளிர்ந்துவிட்டதாம். பிறகு ஒரு கையால் வயிற்றுக்குக் கீழே பம்பு அடிப்பதுபோல் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் கன்னம் உப்பியது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கடைசியில் நாலு காலில் நின்று, தலையைத் தூக்கி, பங்களா அதிர “ம்ம்ம்மா!” என்று கத்தினான். லோரியின் நினைப்பு உள்ளே இருந்ததால் அந்தக் குரலில் நிஜமான உருக்கம் இருந்தது.

ஒகாவாவின் உதடு துடித்தது. முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கப் புண் வலித்தது, வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பம்பு அவருடையது, அதனால் அவரேதான் அடிப்பாராம்.

அதற்குள் ராக்காயி மடியைச் சுடுதண்ணீரில் கழுவியிருந்தாள். மாடு பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு ஊதிச் செத்துவிடும் என்று ஜெயபாலன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சீம்பால் சாப்பிட்ட ஆண்களையெல்லாம் இழுத்து வந்து, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தாள். சாக்கால் தேய்த்துக் காலைச் சூடேற்றச் சிலர். காம்புக்குள் விட மெல்லிய குழாய் வேண்டுமே என்றதற்குச் செல்லாயி வாத்திறகைக் கொண்டு வந்தாள். அதன் தண்டைச் சீவி, முனையை மழமழவென்று தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். காற்று வெளியே போகாமல் காம்பைக் கட்டுவதற்கு மெத்தென்ற துணி தேவைப்பட்டது. துணி என்பதே கண்ணில் படாத நாள் அது. பத்துமலை பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியை எடுத்து நீளநீளமாகக் கிழித்தான். ராக்காயி பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் பார்வையில் சூடு கொஞ்சம் குறைந்தது.

ஒகாவா சட்டையைக் கழற்றினார். இடுப்பு வாள் இடைஞ்சலாக இருந்தது. சுற்றிலும் பார்த்து, கை காலியாக நின்ற ஒரே ஆளான ராக்காயியிடம் அதைக் கொடுத்தார். பத்துமலைக்கு மாட்டைப் பற்றிய கவலைகூட ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

ஜெயபாலன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறகுத் தண்டைக் காம்பில் பொருத்திப் பிடித்தான். ரப்பர் குழாய்த் துண்டால் பம்பை அதில் இணைத்தார்கள். ஒகாவா அடித்தார். புஸ்... புஸ்... தொங்கிக் கிடந்த மடியின் ஒரு கால்பகுதி மெல்ல எழும்பியது. பத்துமலை சட்டென்று வேட்டித் துண்டால் காம்பைக் கட்டினான். அடுத்த காம்பு. அடுத்தது. வேர்வை சொட்டச் சொட்ட ஒகாவா அடித்தார். யாராவது உதவிக்குக் கை நீட்டினால் தட்டிவிட்டார்.

“போதுமா?” என்று எல்லோரும் ஜெயபாலனைக் கேட்டார்கள்.

“தட்டுனா தப்பு மாதிரி சத்தம் கேக்கணும்,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

திருவிழாவுக்குத் தப்பு அடிப்பவன் பிச்சைமுத்துதான். முன்னால் வந்து, மடியில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். “இன்னும் காய்ச்சணும்” என்றான், தப்பைத் தீயில் வாட்டி முறுக்கேற்றும் பழக்கத்தில். ஒகாவா இன்னும் அடித்தார். பிச்சைமுத்து மறுபடி தட்டினான். “இப்பச் சுதி ஏறிருச்சு!”

பிறகு காத்திருந்தார்கள். அதுதான் கஷ்டமான வேலை. துரைசாணி அப்படியே கிடந்தது. நிழல் நீண்டது. கன்று பசியில் கத்தியது. பத்துமலை தாயின் காதைக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாமி பெயர் ஒன்றும் அவனுக்கு வாயில் வரவில்லை. “எந்திரி தாயி, இனிமே ஒட்டக் கறக்க மாட்டேன், எந்திரி” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எத்தனை முறை சொன்னானோ, கைக்குள் ஏதோ வித்தியாசமாக இருந்தது. காது வெதுவெதுப்பாகியிருந்தது.

“ராக்காயி! சூடு! சூடு வருது புள்ள!”

தோல் சிலிர்த்தது. கழுத்து நிமிர்ந்தது. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த பிச்சைமுத்துவின் மேல் சாணம் விழுந்தது. அவன் நகராமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். துரைசாணி பின்பக்கத்தைத் தூக்கியது, தடுமாறியது, முன்னங்காலை ஊன்றியது, நின்றது.

ஒகாவா பம்பைத் தலைக்கு மேல் தூக்கி “பன்சாய்!” என்று ஜயகோஷம் போட்டுக் கத்தினார். என்ன ஏது என்று கேட்காமல் லயமே திரும்பக் கத்தியது. ராக்காயி வாளைத் தூக்கிக் கத்தினாள். பத்துமலை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

காம்பு வாய் தானாகவே மூடிக்கொண்டதும் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, ஜெயபாலன் தமிழிலும் மலாயிலுமாக ஒரு விஷயம் சொன்னான். நாளை முழுக்கக் காற்று உள்ளேயே இருக்க வேண்டும், ஒரு சொட்டுக்கூடக் கறக்கக் கூடாது. அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கன்றுக்கு அதுவரை செல்லாயி எங்கேயாவது ஆட்டுப்பால் பார்த்துக்கொள்ளட்டும். ஒகாவா தலையாட்டினார். அப்போது யாரும் நாளைக் காலையை நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் லோரி வந்தது.

ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்காமல் நேராக நடு லயத்துக்கே வந்தது. முரட்டு சார்ஜண்டு ஒருவன் குதித்து இறங்கினான். அப்போது ஆண்கள் எல்லோரும் மாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். வலையில் மீன் தானாக வந்து விழுந்த மாதிரி ஆயிற்று. ஒகாவா ஏற்கெனவே அங்கே இருந்தார். பம்பு கையில் இருந்தது. ராத்திரி காற்று இறங்கியிருந்தால் அடிப்பதற்காம்.

சார்ஜண்டு பத்துமலையைக் காட்டினான். ஒகாவா, “மாட்டு ஆள்” என்றார். பால் எங்கே என்றான் சார்ஜண்டு. தானே குனிந்து காம்பைப் பிடிக்கவும் போனான்.

“தா போலே!” என்று ஒகாவா போட்ட சத்தத்தில் கன்று துள்ளிவிட்டது. கூடாது! நாளைக்குத்தான்! ஜெயபாலன் சொன்னதையெல்லாம், சுண்ணாம்பு முதல் ரத்தம் வரை, தானே கண்டுபிடித்தவரைப் போல ஜப்பான் மொழியில் விளக்கினார். நடுநடுவே பம்பைக் காட்டினார், மடியைத் தட்டிச் சத்தம் கேட்கவைத்தார். சார்ஜண்டு வாயைப் பிளந்து கேட்டான். பிறகு கொட்டகையில் நின்ற மற்ற ஆண்களைப் பார்த்தான். ஒரு மாட்டுக்கு ஓர் ஆள் சரி. மற்றவர்கள்?

ஒகாவா ராக்காயியின் பக்கம் திரும்பினார். மாட்டுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

பத்துமலை அவள் வாயையே பார்த்தான். ஓர் ஆள் என்று சொன்னால் முடிந்தது, அவன் தப்பித்தான். கூட ஒரு பெயர் சொன்னால் சார்ஜண்டுக்குக் கோபம் வரலாம், அவனையும் சேர்த்து ஏற்றலாம். நேற்றுத்தான் இவர்கள் குடி விளங்காது என்று வீடு வீடாகச் சபித்தாள். பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ராக்காயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வோர் ஆளாகக் கை காட்டினாள்.

“தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு,” என்றாள் ஜெயபாலனிடம். “இவரு கறக்க. பிச்சைமுத்து மடிச் சுதி பாக்க, அவன் காது இல்லாம நடக்காது. இவன் புல்லு வெட்ட. அவரு கிழங்குத் தோலு வாட்ட. அந்தாளு ஓடையில நத்தை பொறுக்க, பக்கத்துல நிக்கிறவன் நத்தை ஓட்டச் சுட்டு இடிச்சுத் தீவனத்துல கலக்க. சுண்ணாம்பு இல்லாட்டி மாடு மறுபடியும் விழுந்துரும்னு சொல்லு. அவரு எலும்பு சுட. இவன் தண்ணி தூக்க. நீ டாக்டரு.”

ஒருவரையும் விடவில்லை. ஜெயபாலனின் குரல் நடுங்கினாலும் மலாய் நடுங்கவில்லை. ஒகாவா ஒவ்வோர் ஆளுக்கும் தலையாட்டினார். ஒரு மாட்டுக்கு இத்தனை பேரா என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ராக்காயியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சார்ஜண்டிடம் இரண்டே வார்த்தை சொன்னார். பெரிய மாடு என்று சொன்னதாக, ஜப்பான் மொழி அரைகுறையாகத் தெரிந்த ஜெயபாலன் பின்னால் சொன்னான்.

சார்ஜண்டு காறித் துப்பிவிட்டு லோரியில் ஏறினான். லோரி காலியாகத் திரும்பிப் போகவில்லை. லகாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிற்று. அங்கே மாடு இல்லை. அதை நினைத்து அன்று நடு லயத்தில் யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை.

ஆனால் வேலை நடந்தது. ஒகாவா எந்த நேரத்தில் வந்து பார்ப்பார் என்று தெரியாதே. புல் வந்தது, நத்தை வந்தது, உரலில் ஓடு இடிபட்டது. பிச்சைமுத்து வேளைக்கு ஒருமுறை மடியைத் தட்டிவிட்டு, பெரிய வித்துவானைப் போலத் தலையாட்டினான். சாயங்காலம் செல்லாயி மறுபடியும் கோலேயோடு வந்தாள். ராக்காயி முறைத்தாள். செல்லாயி கோலேயைச் சாய்த்துக் காட்டினாள். வாத்து முட்டை ஓட்டை இடித்து நிரப்பியிருந்தாள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில்கூடத் துரைசாணிக்கு இத்தனை வேலைக்காரர்கள் இருந்ததில்லை.

கும்பல் கலைந்த பிறகு பத்துமலை மெல்லப் பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஏம்புள்ள, நேத்து அந்தத் திட்டு திட்டுன. இன்னிக்கு அத்தன பேரையும் சொல்லிட்டியே. அவனுக்குக் கோவம் வந்துருந்தா?”

ராக்காயி நத்தை ஓட்டுத் தூளைக் கிழங்குத் தோலில் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“ஒரு வீட்டுக்குக் குடுத்து ஒரு வீட்ட விட்டா கண்ணு படும்னு நீதானய்யா சொன்ன?”

பத்துமலை தீவனத் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து பிசைய ஆரம்பித்தான்.